நாற்பது கெஜமும் நாலே கால் விநாடியும்

2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து இரண்டு கல்லூரி வீரர்கள் என்எஃப்எல் என்கிற அமெரிக்கக் கால்பந்து லீகின் டிராஃப்டுக்கு, அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, வந்தார்கள். இருவருமே ரிசீவர்கள், அதாவது முன்னால் ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவர்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்கிற, அவ்வளவாகப் பெயர் தெரியாத கல்லூரியின் கூப்பர் கப் அதே தூரத்துக்கு 4.62 விநாடி எடுத்துக்கொண்டார். ராஸை ஒன்பதாவது ஆளாக சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி எடுத்தது. கப்பின் பெயர் 69ஆவதாகத்தான் வந்தது.

முதல் பருவத்தில் ராஸ் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை பந்தைக் கையில் வாங்கி ஓடினார், அதையும் நழுவவிட்டார். கப்போ 2021 பருவத்தில் 145 பந்துகளைப் பிடித்து, 1,947 கெஜம் முன்னேறி, 16 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது) போட்டார். மூன்று கணக்கிலும் லீகிலேயே அவர்தான் முதல். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆட்டநாயகனும் அவரே.

இதைப் படித்ததும் 'வேகத்தைப் பார்த்து ஆள் எடுப்பதே முட்டாள்தனம்' என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கடிகாரம் பொய் சொல்வதில்லை. அது சொல்லும் உண்மை ரொம்பச் சின்னது, அவ்வளவுதான்.

இங்கே கால்பந்து என்றால் மெஸ்ஸி ஆடுவது அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தோடு மோதும் அமெரிக்க ஆட்டம். அதன் தொழில்முறை லீகில் 32 அணிகள். ஆண்டுக்கொரு முறை ஏழு சுற்றுகளில் 250-க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அணிகளும் வீரர்கள் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் பெரும்பாலும் அவர்கள் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஒன்பதாவது ஆளுக்கும் 69ஆவது ஆளுக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம் உண்டு.

டிராஃப்டுக்கு இரண்டு மாதம் முன்பு முந்நூறு பேருக்கு மேல் இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு அழைப்பு போகும். 1987 முதல் இந்த முகாம் அங்கேதான் நடக்கிறது. பெயர் கம்பைன். உயரம், எடை, கை நீளம், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் உண்டு. ஆனால் தொலைக்காட்சி காத்திருப்பது 40 கெஜ ஓட்டத்துக்குத்தான். அதாவது 36.58 மீட்டர்.

ஏன் நாற்பது? கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரௌன் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்பார்கள். பந்தை உயரமாக உதைத்து எதிரணிக்கு விடும் 'பன்ட்' சுமார் 40 கெஜம் போகும். அது காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய நாலரை விநாடி. பந்து இறங்கும்போது நம் ஆளும் அங்கே போய்ச் சேர வேண்டும். அளவுகோல் அப்படிப் பிறந்தது. இன்றைக்கு பன்ட் பக்கமே தலைவைக்காத வீரர்களையும் அதே தூரம் ஓடவிடுகிறார்கள். பழக்கமாகிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கிடையாது. வீரர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார், தனக்குத் தோன்றும்போது கிளம்புவார். அவர் அசைந்ததைப் பார்த்து ஒருவர் பொத்தானை அழுத்துகிறார், எல்லைக்கோட்டில் மின்னணுக் கதிர் கடிகாரத்தை நிறுத்துகிறது. ஆக, வீரரின் எதிர்வினை நேரம் கணக்கில் வராது. பொத்தானை அழுத்துபவரின் தாமதமோ வீரருக்கு லாபமாகிவிடும்.

இதனால் என்ன வித்தியாசம் வருகிறது என்பதை உசைன் போல்ட்டை வைத்துக் கணக்குப் போடலாம். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினாரே, அந்த ஓட்டத்தில் 30 மீட்டரை 3.78 விநாடியிலும் 40 மீட்டரை 4.64 விநாடியிலும் கடந்தார். நடுவே 36.58 மீட்டருக்கு ஏறத்தாழ 4.35 விநாடி. அதில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு அவர் கிளம்ப எடுத்த 0.146 விநாடியைக் கழித்தால் 4.20 வரும். கம்பைனின் இன்றைய சாதனை 4.21. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சேவியர் வொர்தி 2024இல் ஓடியது. அப்படியானால் வொர்தியும் போல்ட்டும் ஒன்றா? இல்லை. போல்ட்டுக்குக் கடிகாரம் எந்திரமாக ஓடியது, வொர்திக்கு மனித விரல் கொஞ்சம் தாமதமாக அழுத்தியது. தவிர, போல்ட் தன் உச்ச வேகத்தைத் தொட்டதே 60 மீட்டருக்குப் பிறகுதான். 40 கெஜப் பந்தயம் அங்கே போகாமலே முடிந்துவிடுகிறது.

கம்பைனுக்கு வெளியே நிலைமை இன்னும் தமாஷ். கல்லூரிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுக்கும் நேரங்கள் எப்போதுமே கொஞ்சம் 'வேகமாக' வரும். தடகளத்தில் 100 மீட்டருக்குக் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். போ ஜாக்சன் என்ற வீரர் 1986இல் 4.12 ஓடினார் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். மனிதர் அசகாய சூரர், சந்தேகமில்லை. ஆனால் அது கையால் எடுத்த நேரம்.

போல்ட்டின் பெர்லின் ஓட்டத்தில் முதல் 10 மீட்டருக்கு 1.89 விநாடி ஆனது. அடுத்த பத்துக்கு 0.99, அதற்கடுத்து 0.90, அப்புறம் 0.86. நேரத்தில் பெரும்பங்கைத் தின்பது தொடக்கம்தான். 40 கெஜ ஓட்டம் அளப்பதும் உச்ச வேகத்தை அல்ல, முடுக்கத்தை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறாய் என்பதே கேள்வி.

கால்களை மடமடவென்று மாற்றி வைப்பவர்தான் வேகமாக ஓடுவார் என்று நாம் நினைப்போம். பீட்டர் வேயண்ட் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. உச்ச வேகத்தில், காலைக் காற்றில் முன்னால் கொண்டுவர வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகிறது. வித்தியாசம் தரையில் இருக்கிறது. பாதம் தரையைத் தொட்டிருக்கும் சுமார் பத்தில் ஒரு விநாடிக்குள் எவ்வளவு பலமாகத் தரையை அமுக்க முடிகிறது என்பதுதான் ஆளைப் பிரிக்கிறது. தொடக்க அடிகளில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது: அந்த விசை எந்தத் திசையில் போகிறது? உடலை முன்னால் சாய்த்து, தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். சீக்கிரம் நிமிர்ந்துவிட்டால் பலம் எல்லாம் செங்குத்தாக வீணாகும். டிராஃப்டுக்கு முன் வீரர்கள் வாரக்கணக்கில் தனிப் பயிற்சியாளரிடம் போய் இந்த முதல் சில அடிகளையே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். ஆட்டத்தில் ரிசீவர் யாரும் கையைத் தரையில் ஊன்றி நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, 0.1 விநாடியில் என்ன வந்துவிடப் போகிறது? எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இவர்கள் விநாடிக்கு ஒன்பது, பத்து மீட்டர் வேகத்தில் போகிறார்கள். 0.1 விநாடி என்றால் சுமார் ஒரு மீட்டர். தடுப்பவரின் விரல் பந்தில் படுவதற்கும் படாமல் போவதற்கும் அது போதும். ராஸும் கப்பும் ஒன்றாக ஓடியிருந்தால் கப் மூன்றரை மீட்டர் பின்னால் இருந்திருப்பார். அது போக, வேகத்துக்குப் பந்து கைக்கு வராமலே ஒரு விலை உண்டு. மின்னல் வேகக்காரர் எதிரே நின்றால் தடுப்பவர் பயந்து இரண்டு கெஜம் தள்ளி நிற்பார். கடைசி வரிசைக் காவலர் அவர் பக்கம் சாய்வார். மற்றவர்களுக்கு நடுவே இடம் கிடைக்கும். ராஸுக்குப் பெங்கால்ஸ் கொடுத்த விலையில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும்.

எல்லா இடத்துக்கும் ஒரே கணக்கு செல்லாது. ரிசீவரோடு ஒட்டி ஓட வேண்டிய கார்னர்பேக்குக்கு வேகம் உயிர். முன்வரிசைக்காரர் ஆட்டத்தில் 40 கெஜம் ஓடும் சந்தர்ப்பம் அபூர்வம். அவரிடம் முதல் 10 கெஜத்தின் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். மொத்த நேரத்தையும் எடையோடு சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். 2022இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் முன்வரிசைக்காரர் ஜோர்டன் டேவிஸ் 341 பவுண்டு, அதாவது 155 கிலோ உடம்போடு 4.78 விநாடியில் ஓடி அரங்கத்தையே அசத்தினார். வொர்தியின் எடை 75 கிலோ. சராசரி வேகத்தை எடையால் பெருக்கிப் பார்த்தால், மெதுவாக ஓடிய டேவிஸின் உந்தம் வொர்தியுடையதைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. எதிரே நின்று தாங்குபவருக்கு உறைப்பது அந்தக் கணக்குதான். பிலடெல்பியா ஈகிள்ஸ் டேவிஸை 13ஆவது ஆளாக எடுத்தது.

பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளுக்காக பில் பார்ன்வெல் என்ற எழுத்தாளர் இதை ஒரு சூத்திரமாகவே ஆக்கினார். பவுண்டில் உள்ள எடையை 200ஆல் பெருக்கி, 40 கெஜ நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். நூறுக்குப் பக்கத்தில் வந்தால் சராசரி. 2008இல் 4.24 ஓடிய கிறிஸ் ஜான்சனுக்கு, 197 பவுண்டுக்கு, 122 வருகிறது. 225 பவுண்டு ஆள் அதே எண்ணைத் தொட 4.38 ஓடினால் போதும். ஜான்சனை டென்னசி டைட்டன்ஸ் 24ஆவதாக எடுத்தது. மறு ஆண்டே 2,006 கெஜம் ஓடிக் காட்டினார்.

ஜான்சன் விஷயத்தில் கடிகாரம் பலித்தது தற்செயல் அல்ல. குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் கம்பைன் சோதனைகளையும் பிறகு அந்த வீரர்கள் ஆடியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் உறுதியான தொடர்பு எதுவும் தென்படவில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ரன்னிங் பேக்குகளின் ஓட்ட நேரம். பந்தை வாங்கி, இடைவெளியைப் பார்த்துப் பாய்கிற வேலை அந்தச் சோதனையோடு கொஞ்சமாவது ஒத்துப்போகிறது.

மற்ற இடங்களில் தொடர்பு தெரியாததால் வேகம் தேவையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஐஐடிக்குள் நுழைந்த மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? மெதுவானவர்கள் இண்டியானாபோலிஸ் பக்கமே வருவதில்லை. வந்த அத்தனை பேரும் ஏற்கெனவே சலித்து எடுத்த வேகக்காரர்கள். அவர்களுக்குள் 0.05 விநாடி வித்தியாசம் பெரிதாக எதையும் சொல்லாது. என் கணிப்பில் 40 கெஜ நேரம் ஒரு வாசற்படி. அதைத் தாண்டியவர்களில் யார் சிறந்தவர் என்று அதே எண்ணிடம் கேட்பதில்தான் அணிகள் அடிவாங்குகின்றன. வேகப் பைத்தியம் என்றே பெயரெடுத்தவர் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் அப்போதைய முதலாளி ஆல் டேவிஸ். 2009இல் 4.30 ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பே ஏழாவது ஆளாக அங்கே போனார். கல்லூரியில் பந்துகளை அள்ளிக் குவித்த மைக்கேல் கிராப்ட்ரீ பாதக் காயத்தால் ஓடவே இல்லை, பத்தாவதாகத்தான் போனார். தொழில்முறை ஆட்டத்தில் கிராப்ட்ரீதான் பல மடங்கு அதிகப் பந்துகளைப் பிடித்தார்.

கப் போன்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? பந்தை எறிபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று விநாடி. அதற்குள் ரிசீவர் நேர்க்கோட்டில் 40 கெஜம் ஓடி முடிக்கவே முடியாது. நடுவில் திரும்ப வேண்டும், தடுப்பவரை ஏமாற்ற வேண்டும், முக்கியமாகச் சட்டென்று நிற்க வேண்டும். வேகத்தை எடுப்பதைப் போலவே வேகத்தைக் கொல்வதும் ஒரு திறமை. இடுப்பைத் தாழ்த்தி, இரண்டே அடியில் உடம்பின் உந்தத்தை விழுங்கி, புதிய திசையில் தள்ள வேண்டும். இதற்கென்று கம்பைனில் வேறு சோதனை இருக்கிறது. மூன்று கூம்புகளை 'ட' வடிவில் வைத்துச் சுற்றி ஓடவிடுவார்கள்.

அதில்தான் டி.கே. மெட்காஃப் என்ற ரிசீவர் மாட்டிக்கொண்டார். 2019இல், 1.91 மீட்டர் உயரம், 103 கிலோ உடம்போடு 40 கெஜத்தை 4.33இல் கடந்து எல்லோரையும் வாயடைக்க வைத்தவர், மூன்று கூம்புச் சோதனைக்கு 7.38 விநாடி எடுத்துக்கொண்டார். நேர் ஓட்டத்தில் 5.28 விநாடி எடுத்த, ஆமை என்று கிண்டல் வாங்கிய, பந்தை எறிபவரான டாம் பிராடி 2000இல் இதே சோதனையை 7.20இல் முடித்திருந்தார்! கல்லூரியில் பட்ட கழுத்துக் காயமும் சேர்ந்துகொள்ள, மெட்காஃப் 64ஆவது ஆளாகச் சியாட்டில் அணிக்குப் போனார். இந்தத் தடவை அணிகள் எதிர்ப்பக்கம் தப்புக் கணக்கு போட்டன. வளைவுகள் அதிகம் இல்லாத, நேராக ஓடும் வேலைகளைச் சியாட்டில் கொடுத்தது, ஆள் ஜொலித்தார். 2020இல் எதிரணியின் புடா பேக்கர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓட, பின்னாலேயே துரத்திப் பிடித்தபோது அவர் வேகம் மணிக்கு 36.4 கிலோமீட்டர். மறு ஆண்டு நிஜத் தடகள வீரர்களோடு 100 மீட்டர் ஓடிப் பார்த்தார். நேரம் 10.37, தன் பிரிவில் கடைசி இடம்.

அந்த 36.4 கிலோமீட்டரை அளந்தது ஸ்டாப்வாட்ச் அல்ல. தோள்கவசத்துக்குள் வைத்த சிறு சில்லு, விநாடிக்குப் பத்து தடவை ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்கிறது. கல்லூரிகளிலும் வீரர்கள் ஜிபிஎஸ் கருவி மாட்டிக்கொண்டு பயிற்சி செய்கிறார்கள். கவசத்தோடு, களைப்போடு, எதிராளி இழுக்கும்போது எவ்வளவு வேகம் என்பது இப்போது அணிகளுக்குத் தெரியும். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடும் ஓட்டம் அதைச் சரிபார்க்கும் கருவியாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2022இல் 4.23 ஓடிய கேலன் பார்ன்ஸ் ஏழாவது சுற்று வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வொர்தி 2024இல் முதல் தடவை 4.25 ஓடினார். அதுவே போதுமானது, ஆனாலும் சாதனைக்காக மறுபடி ஓடி 4.21 எடுத்தார். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் நாலு இடம் முன்னேறி வந்து அவரை 28ஆவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டில் ஓஹியோ ஸ்டேட்டின் மார்வின் ஹாரிசன் ஜூனியர், முகாமிலும் சரி, கல்லூரியில் வைக்கும் சோதனை ஓட்டத்திலும் சரி, ஒரு கெஜம்கூட ஓடிக் காட்டவில்லை. அரிசோனா கார்டினல்ஸ் அவரை நான்காவது ஆளாக எடுத்தது.