“எலிக்குச் சரியாயிடுச்சாமே டாக்டர்?”

வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி என் மேசைக்கு வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் அம்மா. கையில் செல்போன், அதில் ‘மரபுவழி அறிவுத்திறன் குறைபாட்டுக்குப் புதிய மருந்து, எலிகளில் வெற்றி’ என்று ஒரு செய்தி. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன், முகம் பார்க்காமல், இரண்டு கைகளையும் சிறகுபோல அடித்துக்கொண்டு நிற்பான். “நம்ம பையனுக்கு எப்ப டாக்டர் வரும்?”

நான் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மருத்துவர். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு சில ஆண்டுகள் ஆய்வகத்தில் அதே எலிகளோடு இருந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு ‘இப்போதைக்கு இல்லை’ என்று ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. அந்தச் செய்தி பொய்யில்லை. ஆனால் அது சொல்வதும் அம்மாவின் காதில் விழுவதும் வேறு வேறு.

நான் அதிகம் பார்ப்பது ஃப்ராஜைல் எக்ஸ். மரபுவழியாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில், ஒற்றை மரபணுவால் வருபவற்றில் இதுதான் மிகப் பரவலானது. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்று ஒரு மரபணு. 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலோருக்கு 30 தடவை போல இருக்கும். 200-ஐத் தாண்டிவிட்டால் செல் அந்த மரபணுவையே பூட்டிவிடுகிறது. அதிலிருந்து வரவேண்டிய புரதம் வருவதில்லை. நரம்புச்செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளில் எந்தப் புரதத்தை எப்போது தயாரிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது இந்தப் புரதத்தின் வேலை. அது இல்லாமல் போனால் சந்திப்புகளில் தயாரிப்பு அளவு மீறிப் போகிறது.

1994-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேர்ந்து இந்த மரபணு வேலை செய்யாத சுண்டெலியை உருவாக்கினார்கள். இன்றுவரை நடக்கும் மருந்துச் சோதனைகளில் பெரும்பகுதி அந்த வகை எலியில்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குழந்தையிடம் மரபணு இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. எலியில் அந்த மரபணுவையே கெடுத்திருக்கிறார்கள். புரதம் இல்லை என்ற விளைவு ஒன்றுதான், வந்த வழி வேறு. பூட்டைத் திறக்கும் மருந்து ஒன்று இருந்தாலும் அதை இந்த எலியில் சோதிக்கவே முடியாது.

சரி, எலியில் என்ன அளக்கிறார்கள்?

ஒரு சோதனையைச் சொல்கிறேன். பிறந்து மூன்று வாரம் ஆன குட்டியை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விடுவோம். மேலே திருட்டைத் தடுக்க வைக்கும் அலாரம் போன்ற ஒன்று, ஏறக்குறைய 120 டெசிபல். நாங்கள் காதை மூடிக்கொள்வோம். அலாரம் அடித்ததும் சாதாரணக் குட்டி காதுகளை மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். மரபணு இல்லாத குட்டி வெறி பிடித்ததுபோல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடும். அப்புறம் பக்கவாட்டில் விழும். கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், பிறகு விறைத்து நீளும். சில குட்டிகள் அதோடு மூச்சு நின்று இறந்துவிடும். மருந்து கொடுத்து அரை மணி கழித்து அதே வகைக் குட்டியை விட்டால் ஓடும், நிற்கும், வலிப்பு வராது. இதை நேரில் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கும். ‘வேலை செய்கிறது’ என்று அன்று நானும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதியது உண்மைதான். சத்தத்தால் வரும் வலிப்பு, மூன்று வார வயதில், அந்த எலி ரகத்தில், நின்றது. அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

அந்தக் குட்டி எதையாவது கற்றுக்கொண்டதா? அது வேறு சோதனை. கலங்கலான நீர் நிறைந்த தொட்டியில், நீருக்கடியில் மறைத்து வைத்த மேடையை எலி நீந்தித் தேட வேண்டும். இடம் நினைவிருந்தால் நாளுக்கு நாள் சீக்கிரம் போய்ச் சேரும். பெற்றோர் பலரும் எதிர்பார்க்காத விஷயம் இது: அறிவுத்திறன் குறைபாட்டின் மாதிரி என்று நாம் சொல்லும் இந்த எலி, அந்தத் தொட்டியில் பெரும்பாலும் மற்ற எலிகளைப் போலவே கற்றுக்கொள்கிறது. மேடையை இடம் மாற்றினால் கொஞ்சம் தடுமாறும், அதுவும் எல்லா ஆய்வகங்களிலும் ஒரே மாதிரி வருவதில்லை. ரகம் மாறினால் முடிவு மாறும். ஏன், சோதனை செய்பவர் ஆணா பெண்ணா என்பதால்கூட மாறலாம். ஆண்களின் உடல் வாசனையே எலிகளைப் பதற்றப்படுத்துகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது.

எலியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. மூளைக்குள் என்ன கோளாறு என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு எலி காட்டிக்கொடுத்தது. நரம்புச்செல்லில் செய்தியை வாங்கும் எம்குளுஆர்5 என்ற ஏற்பி அடக்குவார் இல்லாமல் மிதமிஞ்சி வேலை செய்கிறது என்ற கருத்தை 2004-இல் மார்க் பேர், கிம்பர்லி ஹூபர், ஸ்டீஃபன் வாரன் மூவரும் முன்வைத்தார்கள். 2007-இல் பேரின் குழு, மரபணு இல்லாத எலியில் அந்த ஏற்பியின் அளவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தது. ஒன்றிரண்டு அல்ல, பல அறிகுறிகள் சரியாயின. இவ்வளவு தெளிவான அடித்தளத்தோடு மனித சோதனைக்குப் போன மருந்துகள் இந்தத் துறையில் மிகக் குறைவு.

அப்படி ஒன்று போனது. அந்த ஏற்பியை அடக்கும் மருந்தான, நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாவோகுளூரன்ட் முதலில் 30 ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. மொத்தத்தில் பலன் தெரியவில்லை, ஆனால் மரபணு முழுமையாகப் பூட்டப்பட்டிருந்த ஏழு பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அந்த ஏழு பேரை நம்பி இரண்டு பெரிய சோதனைகள் தொடங்கின, பெரியவர்கள் 175 பேர், வளரிளம் பருவத்தினர் 139 பேர். பன்னிரண்டு வாரம். முடிவில் மருந்து எடுத்தவர்களும், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஒரே மாதிரி. 2014-இல் நிறுவனம் இந்த நோய்க்கான முயற்சியை நிறுத்தியது. ரோஷ் நிறுவனத்தின் அதே வகை மருந்தான பாசிம்குளூரன்ட்டுக்கும் அதே கதிதான்.

வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ‘முன்னேறினார்கள்’ என்பதை நான் பெற்றோரிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். அந்தச் சோதனைகளில் முக்கிய அளவுகோல் பெற்றோர் நிரப்பும் நடத்தைக் கேள்வித்தாள். எத்தனை தடவை கத்தினான், எத்தனை தடவை அடித்தான், எவ்வளவு நேரம் தனியே ஒதுங்கி இருந்தான். புது மருந்து உள்ளே போகிறது என்று நினைக்கும் அம்மா பையனை வேறு கண்ணால் பார்க்கிறார். அதிகம் பேசுகிறார், பொறுத்துப் போகிறார். பையனும் கொஞ்சம் மாறத்தான் செய்கிறான். அதில் பொய் எதுவும் இல்லை, அது அந்த அம்மாவின் பாசம். ஆனால் மருந்தின் பங்கு எது, பாசத்தின் பங்கு எது என்று அந்தத் தாளால் பிரித்துச் சொல்ல முடியாது.

‘எலிக்குக் குட்டியிலேயே கொடுத்தீர்கள், மனிதருக்குப் பெரியவர் ஆனபிறகு கொடுத்தீர்கள்’ என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. அதே மாவோகுளூரன்ட்டை இரண்டு வயது எட்டு மாதம் முதல் ஆறு வயது வரையிலான 99 குழந்தைகளிடம், மருந்து ஒரு பக்கம், வெற்று மருந்து ஒரு பக்கம் என்று சோதித்துப் பார்த்தார்கள். கூடவே எல்லாக் குழந்தைகளுக்கும், பெற்றோர் வழியாகவே மொழிப் பயிற்சி. முடிவு 2024-இல் வந்தது. வெற்று மருந்தைவிட மருந்து மேலாக இல்லை. ஆனால் இரண்டு பக்கக் குழந்தைகளும் மொழியில் முன்னேறியிருந்தார்கள். பயிற்சி இல்லாத ஒரு குழு அதில் இல்லை, அதனால் பயிற்சிதான் காரணம் என்று ஆணித்தரமாகச் சொல்ல முடியாது. இருந்தும், பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட்டுவிட்டு மருந்துக்குக் காத்திருக்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

கதவு மூடிவிடவில்லை. சடோல்மிலாஸ்ட் என்ற மருந்தை 30 ஆண்களிடம் சோதித்த முடிவு 2021-இல் வெளியானது. ஒவ்வொருவரும் சில வாரம் மருந்து, சில வாரம் வெற்று மாத்திரை என இரண்டையும் எடுத்தார்கள். வாசிப்பு, சொல்லறிவு ஆகியவற்றில் மருந்தின்போது மதிப்பெண் கூடியது. இங்கே மதிப்பெண் கணினித் திரையில் நோயாளியே செய்த தேர்வில் வந்தது, அதனால் எனக்கு இதில் ஆர்வம் அதிகம். ஆனாலும் 30 பேர் என்பது 30 பேர்தான்.

என்னைக் கவலைப்பட வைப்பது மருந்துக்கடை வாசல். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து போன்ற பழைய மருந்துகள் இந்த எலிகளில் பலன் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே கடையில் இருப்பவை என்பதால் சிலர் தாங்களே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வயதுக்குக் கீழ் மினோசைக்ளின் கொடுத்தால் முளைத்துவரும் பல்லில் நிரந்தரக் கறை படியலாம். ஒரு குழந்தைக்கு அப்படி ஆனதைப் பார்த்தேன். என்னிடம் கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்து, அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். தயவுசெய்து கேட்டுவிட்டுக் கொடுங்கள். கவனச்சிதறல், பதற்றம், வலிப்பு இவற்றுக்கு இன்றைக்கே முறையான மருந்துகள் உண்டு, அவற்றைச் சரியாகக் கொடுத்தாலே பையன் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் நேரம் கூடும்.

தொடக்கத்தில் சொன்ன அம்மாக்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எலிச் செய்தியைப் பேசி முடித்ததும் வீட்டில் மற்றவர்களைப் பற்றிக் கேட்டேன். “எங்க அப்பாவுக்குத்தான் ரெண்டு வருஷமா கை நடுக்கம், நடக்கும்போது தள்ளாடுறாரு. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்” என்றார். சிஜிஜி எண்ணிக்கை 55-க்கும் 200-க்கும் இடையில் இருக்கும் ஆண்களில் சிலருக்கு வயதான பிறகு இப்படித்தான் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். அப்பாவிடம் அது இருந்தால், அவருடைய ஒரே எக்ஸ் குரோமோசோம் எல்லா மகள்களுக்கும் போயிருக்கும். அவர்கள் வழியாகப் பேரப்பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை 200-ஐத் தாண்டலாம்.

“உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களாம்மா?”

“ஒரு தங்கச்சி. போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு.”

மூவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தோம். அப்பாவுக்குச் சிஜிஜி எண்ணிக்கை 85. மகள்கள் இருவருக்கும் அதை ஒட்டியே வந்தது. தங்கை இப்போது கணவரோடு மரபியல் ஆலோசகரைப் பார்த்து வருகிறார். அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.