ராடார் படத்தில் வெள்ளையாகத் தெரிவது வெளிச்சமல்ல

வெள்ளிக் கோளின் அந்தச் செம்மஞ்சள் படம் உங்களுக்கும் வட்ஸ்அப்பில் வந்திருக்கும், "கொதிக்கும் வெள்ளி" என்ற தலைப்போடு. நிறம் பிறகு பூசியது. 1990இல் வெள்ளியை அடைந்த மகெல்லன் விண்கலம் மேகத்தை ஊடுருவி எடுத்தது, தான் அனுப்பித் திரும்பிவந்த ராடார் அலையின் பலத்தை மட்டுமே. பலமாகத் திரும்பிய இடம் வெள்ளை, திரும்பாத இடம் கறுப்பு.

என் வேலை பூமியோடுதான். களனி கங்கை பெருகினால் வெள்ளம் எங்கே நிற்கிறதென்று செயற்கைக்கோள் ராடார் படத்தில் குறித்துக் கொடுப்பேன். படத்தை வாங்குகிறவர்கள் கறுப்பெல்லாம் தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் சரிதான்; அசையாத நீர் அலையை அப்பால் தெறிக்க விட்டுவிடும். ஆனால் மரங்களுக்கடியில் நிற்கும் வெள்ளம் வெள்ளையாகவே தெரியலாம். நீரில் பட்ட அலை அடிமரத்தில் மோதி, வந்த வழியே திரும்பிவிடுகிறது. தென்மேல் பருவக்காற்றில் கொந்தளிக்கும் கொழும்புக் காலிமுகத்திடல் கடலும் வெளுத்துப்போகும்.

கோள்களிலும் இதே சிக்கல்தான், போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் ஆளில்லை. சரிவு, கரடுமுரடு, தரைப்பொருளின் மின்பண்பு (அந்தப் பொருள் அலையை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பது), மூன்றில் எதுவும் வெளுக்க வைக்கும். கரடுமுரடு என்பதும் அலைநீளத்தைப் பொறுத்தது. மகெல்லனின் அலை 12.6 சென்ரிமீற்றர், அதற்கு நுண்மணல் வழவழப்பான தரை.

வெள்ளியின் மக்ஸ்வெல் மலை ஏறக்குறைய 11 கிலோமீற்றர் உயரம். அதன் மேற்பகுதி படத்தில் பளீரென்று இருக்கும். பாறைக் கரடா, வேறு பொருளா? மகெல்லன் அதே அன்டெனாவால் தரை தானாக வெளிவிடும் நுண்ணலையையும் அளந்தது. மலையுச்சிகளில் அது மிகவும் குறைவு. வெறும் கரடென்றால் அவ்வளவு குறையாது, பொருளே வேறு. ஏதோ உலோகச் சேர்மம் உறைபனி போலப் படிந்திருக்கலாம் என்கிறார்கள், எது என்பதில்தான் இன்னும் இழுபறி. எனக்கு இந்த இரண்டாவது அளவீடுதான் படத்தைவிடப் பெரிய விஷயம்.

அப்புறம், "நிலவில் பனி" என்ற செய்திகள். சந்திரயான்-1இன் ராடார் வடதுருவக் குழிகளைப் பார்த்தபோது, சுழன்றபடி போகும் அலையின் சுழற்சித் திசை திரும்பி வருகையில் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். பனி தரும் அதே சைகையைப் புதிய குழியில் சிதறிக் கிடக்கும் பாறையும் தரும். அதனால் குழியின் விளிம்புக்கு வெளியே என்ன இருக்கிறதென்றும் பார்ப்பார்கள். உள்ளும் வெளியும் ஒரேமாதிரி என்றால் அநேகமாகப் பாறை. உள்ளே மட்டும் என்றால்தான் பனி என்ற பேச்சுக்கே இடம்.