மாவுக்கட்டு பிரித்தாச்சு, அப்புறம்?

வாசலில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வரும் அறுபது வயது அம்மாக்கள் எங்கள் எலும்புப் பிரிவுக்குப் புதிதல்ல. ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்து, விரலை மடக்கி நீட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று பல நேரம் யாரும் கேட்பதில்லை. ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அடுத்தது இடுப்பாகவும் இருக்கலாம்.

அறுபத்தைந்தைத் தாண்டிய பெண்கள் ஒருமுறை எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு முறிந்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மேசையில் கால் மணி நேரம் படுத்திருந்தால் போதும், ஊசி கிடையாது. இடுப்பையும் கீழ்முதுகையும் அளந்து டி-ஸ்கோர் தருவார்கள்; ஆரோக்கியமான இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு உங்களுடையதை ஒப்பிடும் எண் அது. -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் முறியும் நிலை. இது உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த அளவு. முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் கருவி இதற்கு ஈடாகாது. அங்கே 'குறைவு' என்று வந்தால் டெக்சாவுக்குப் போங்கள். கால்சியம் டப்பாவோடு வீடு திரும்பிவிடாதீர்கள்.

அதற்காக டி-ஸ்கோரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. -2.5-ஐத் தொடாத பலருக்கும் எலும்பு முறிகிறது. முதுகுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அங்கே வளரும் எலும்பு முட்கள் அளவை ஏற்றிக் காட்டும்; அவர்களுக்கு நான் இடுப்பு அளவைத்தான் நம்புவேன். சர்க்கரை நோய் இன்னும் மோசம், அடர்த்தி நன்றாக இருந்தும் முறியும். மூட்டுவாதத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டது, பெற்றோருக்கு இடுப்பு முறிந்தது, நாற்பதுக்குள் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தது, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டில் இத்தகைய விவரங்களைப் போட்டால் அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பு தெரியும். இந்தியர்களுக்கான கணக்கும் அதில் உண்டு. ஆனால் அடிக்கடி விழுகிறவரா என்று அது கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, "உள்பாவாடை நீளமாயிடுச்சு டாக்டர், தரையில புரளுது" என்று யாராவது சொன்னால் உடனே உயரத்தை அளந்துவிடுவேன். முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கி உயரம் குறைந்திருக்கும். பெரிய வலி இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபி அப்புறம்தான், சேர்த்துக் குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம்.