தமிழ் தெரியாத குழந்தைக்கு ஆட்டிசம் என்று எழுதாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது பரிந்துரைச் சீட்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா தம்பதியரின் மூன்றரை வயது மகளை, ‘பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, ஆட்டிசமாக இருக்கலாம்’ என்று எழுதி ஒரு மழலையர் பள்ளி என்னிடம் அனுப்பியிருந்தது. ‘காலையில் பழைய சோறுதான் தருகிறார்கள், வீட்டில் கவனிப்பு போதாது’ என்றும் அடியில் ஒரு வரி. ஒடிசாவில் பகாளா என்னும் அந்த நீர்ச்சோற்றை நம் பாட்டி கொடுத்தால் மட்டும் அமிர்தம் என்போம்.

சீட்டோடு, ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் உண்டா என்று முதல்கட்டமாகப் பார்க்கப் பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் படிவமும் இருந்தது. 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கான அந்த 20 கேள்விகளை, 42 மாதக் குழந்தைக்காக, தமிழ் அரைகுறையாகப் புரியும் தாயிடம் தமிழில் கேட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

என் அறையிலும் அவள் முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. அம்மா ஊரிலுள்ள பாட்டியை வீடியோவில் அழைத்ததும், மேசையிலிருந்த மர யானையைத் திரைக்கு நேரே தூக்கி ‘ஹாத்தி, ஹாத்தி’ என்று கூவியவள், பாட்டி சிரிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிசமா என்று பார்க்கும்போது நாங்கள் தேடுவதே, ஒன்றைக் காட்டிவிட்டு எதிரே இருப்பவரின் முகம் பார்க்கும் இதைத்தான்.

புதிய மொழிக்குள் வரும் குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. இதைவிட என்னை வருத்துவது, ‘வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள்’ என்னும் அறிவுரை. அந்தத் தாய் அதை நம்பி, தனக்குத் தெரிந்த ‘வா, சாப்பிடு, தூங்கு’ என்னும் சொற்களோடு ஆறு வாரம் குழந்தையை வளர்த்திருக்கிறார். தாலாட்டும் கதையும் நின்றுபோயின. இரு மொழிகள் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை, பேச்சுத் தாமதத்தையும் உண்டாக்குவதில்லை. குழந்தைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரு மொழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதற்காக, எல்லாவற்றையும் மொழியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தாய்மொழியில் அழைத்தும் திரும்பாத, எதையும் சுட்டிக்காட்டாத, பேசிய சொற்களை இழந்த குழந்தையை ஒரு நாளும் தாமதிக்காமல் அனுப்புங்கள். தாயிடம் பேசுவதற்கு எட்டு வயது அண்ணனை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தமிழும் அவர்கள் மொழியும் தெரிந்த, தாய்க்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவரைத் தேடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர், பசி, வலி, சிறுநீர், அம்மா ஆகியவற்றுக்கு அந்த வீட்டில் வழங்கும் சொற்களைத் தாயிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள். முதல் வாரம் முழுவதும் இவள் ‘பாணி, பாணி’ என்று சொல்லிக்கொண்டிருந்ததாகவும், ஏதோ உளறுகிறாள் என்று தாம் விட்டுவிட்டதாகவும் பள்ளி ஆயாம்மா பின்னர் என்னிடம் சொன்னார். ஒடியாவில் பாணி என்றால் தண்ணீர்.