காசு யாருடையது என்று கேட்ட தம்பிக்கு

பினாங்கில் வழக்கறிஞர் வேலைக்கு நடுவே, வாக்கெண்ணும் முகவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் வாக்கெண்ணிக்கை முடிவை எழுதும் படிவமான போராங் 14-ஐப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எந்தக் கட்டத்தில் எந்த எண் வரவேண்டும், கையெழுத்தான நகல் கைக்கு வராமல் ஏன் வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு தம்பி எழுந்தார். "அக்கா, இதுக்கெல்லாம் அமெரிக்காக்காரன் காசு குடுக்கிறானாமே, நம்ம மேல அவனுக்கு என்ன அக்கறை?"

எங்கள் வகுப்புக்கு வெளிநாட்டுக் காசு கிடையாது. மாடி ஒரு நண்பருடையது, சாப்பிட்ட நாசி லெமாக் எங்கள் கைக்காசு. ஆனால் கேட்கவேண்டிய கேள்விதான்.

ஜனநாயகம் வளர்க்கவென்று 1983-இல் அமெரிக்கா ஒரு நிதியம் தொடங்கியது. பணம் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்குவது. அங்கே உண்மையாக நம்பி உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசு என்று வரும்போது மட்டும் பேச்சைப் பார்க்காதீர்கள், பிடிக்காதவர் ஜெயித்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஈரானில் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாடெக்கை 1953-இல் சிஐஏவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்தன. 2006-இல் பாலஸ்தீனத்தில் தேர்தல் நடக்கட்டும் என்று வாஷிங்டனே வற்புறுத்தியது, ஹமாஸ் ஜெயித்ததும் அந்த அரசுக்கான உதவியை நிறுத்தியது. 2013-இல் எகிப்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் மொர்சியை ராணுவம் இறக்கியபோது, அதை ஆட்சிக் கவிழ்ப்பு என்று சொன்னால் சட்டப்படி உதவியை நிறுத்தவேண்டிவரும் என்பதால், அந்தச் சொல்லையே வாஷிங்டன் தவிர்த்தது.

சுயநலம்தான் முன்னால் நிற்கிறது, சந்தேகமே இல்லை. அதற்காக எல்லாமே வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2012 மார்ச்சில் ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கை பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தது அதே அமெரிக்காதான்; அதில் அவர்களுக்கு என்ன கணக்கு இருந்ததோ, காணாமல்போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்து நின்ற தாய்க்கு உலகம் காது கொடுத்த நேரம் அது. நம் மலேசியா எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இன்னும் வலிக்கிறது.

உதவி வந்தால் யார் தருகிறார்கள், எதற்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆனால் அதை நம்பியே வீடு கட்டாதீர்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டை 2025-இல் அந்த அரசே மூடிவிட்டது. அப்புறம், நியாயமான தேர்தல் கேட்கிறவனை எல்லாம் 'வெளிநாட்டுக் கைக்கூலி' என்று வாயடைக்கும் அரசியல்வாதியிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், உங்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று.

தம்பி யோசித்துவிட்டு மறுபடி கையைத் தூக்கினார். "நகல் தரமாட்டேன்னு சொன்னா என்ன செய்யிறது அக்கா?"

"நேரத்தைக் குறிச்சுக்கோ, யார் மறுத்தாங்கன்னு எழுதிக்கோ, உடனே வேட்பாளரோட ஆளைக் கூப்பிடு. இடத்தை விட்டு நகராதே."