தடையைத் தாண்டுவது வேறு, தடம் மறைப்பது வேறு

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழும்பிப் பார்த்தால் பேஸ்புக் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, யூடியூப் இல்லை. இலங்கை முழுக்க ஊரடங்கு, சமூக வலைத்தளங்களுக்கு அரசின் தடை. கொக்குவிலில் எங்கள் வீட்டில் எல்லோரும் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பெறாமகள் தடுத்த தளங்களைத் திறக்க உதவும் ஒரு விபிஎன் செயலியை இறக்கிவிட்டாள். “சித்தப்பா, எனக்கு எல்லாம் வேலை செய்யுது. இனி நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

அவள் சொன்னதில் முதல் வசனம் சரி. இரண்டாவது பிழை. அந்தப் பிழையை நிறையப் பேர் விடுகிறோம்.

உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் எண் விலாசம், எது என்று டிஎன்எஸ் சேவையகத்திடம் கேள்வி போகிறது. அந்தச் சேவையகம் பெரும்பாலும் நமக்கு இணைய இணைப்புத் தந்த நிறுவனத்தினுடையது. அது பொய்ப் பதில் சொன்னால் தளம் திறக்காது. டிஎன்எஸ்ஸை மாற்றினாலும், எச்டிடிபிஎஸ் எனப்படும் மறையாக்கம் செய்த இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் மூடாமல்தான் போகிறது. கடிதத்தைப் பிரிக்காமலே உறையின் விலாசத்தைப் பார்த்துத் தபால்காரர் ஒதுக்கி வைக்கலாம், அல்லவா? அதுதான் இது. உலாவியின் மறைநிலைச் சாளரம் இதில் எதையும் மாற்றாது. உங்கள் கணினியில் வரலாறு பதியாமல் விடும், அவ்வளவுதான்.

விபிஎன் அந்தக் கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு, வெளிநாட்டில் உள்ள தன் சேவையகத்தின் விலாசத்தை எழுதி அனுப்புகிறது. வழியில் இருப்பவருக்கு அந்த விலாசம் மட்டுமே தெரியும். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாக வந்திருப்பதாகவும் இப்படியான தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். ஆனால் வெளியுறையைப் பிரிப்பது விபிஎன் நிறுவனம். நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் அதன் ஒரே கையில். இலவசச் செயலி என்றால், அதன் செலவை யார் கட்டுகிறார் என்று யோசித்தே ஆக வேண்டும்.

டோர் உலாவி அந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் பிறந்த யோசனை இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கும் சின்ன வெங்காயத்தின் தோல் மாதிரி, உங்கள் தரவின் மேல் மூன்று அடுக்கு மறையாக்கம். உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் ஆளுக்கு ஒரு தோலை உரிக்கின்றன. முதலாவதற்கு உங்களைத் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக்குப் போகும் இடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இவ்வளவு சுற்றிப் போவதால் வேகம் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐபி முகவரியை மறைத்தாலும் உலாவியே உங்களைக் காட்டிக்கொடுக்கலாம். எங்கள் பக்கத்துக் கணினிகள் பலவற்றில் பாமினி என்ற தமிழ் எழுத்துரு இருக்கும். ஒரு தளம் பாமினியிலும் வேறொரு எழுத்துருவிலும் ஒரே சொல்லை மறைவாக எழுதி அகலத்தை அளந்து பார்த்தால், அது உங்களிடம் இருப்பது தெரிந்துவிடும். அதோடு திரை அளவு, நேர வலயம், மொழி எல்லாம் சேர்ந்தால் கைரேகை மாதிரி. 2010இல் இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் பவுண்டேஷன் ஏறத்தாழ 4.7 லட்சம் உலாவிகளைப் பார்த்தபோது, 83.6 வீதம் மற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. டோர் உலாவி நீங்கள் நிறுவிய எழுத்துருக்களைத் தளங்களுக்குக் காட்டாது. யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் நேர வலயத்தை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்றே சொல்லும். அதன் சாளரத்தை இழுத்துப் பெருப்பிக்காமல் அப்படியே விடுங்கள். அப்புறம், அதற்குள் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்தால், நீங்கள் யாரென்று அந்தத் தளத்திடம் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

டோர் பாவிக்கிறீர்கள் என்பதையும் உங்கள் வலையமைப்பு பார்க்கலாம். 2013இல் ஹார்வர்டில் டோர் வழியாகப் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர், அந்த நேரத்தில் பல்கலைக்கழக வலையமைப்பில் டோர் பாவித்தவர்களைத் தேடியதில்தான் அகப்பட்டார். டோரையே தடுக்கும் நாடுகளும் உண்டு. அதற்காக ‘பிரிட்ஜ்’ எனப்படும், பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவாயில்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகை ஸ்னோஃப்ளேக். தடையில்லாத ஊரில் இருப்பவர் தன் உலாவியில் ஒரு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டுவிட்டால், தடைக்குள் இருப்பவரின் டோர் இணைப்பு அந்த உலாவி வழியாக, வீடியோ அழைப்புக்குப் பாவிக்கும் அதே தொழில்நுட்பத்தில் போகும்.

என் ஃபயர்ஃபாக்ஸில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேர் இதன் வழியாகப் போனார்கள் என்று அந்தச் சின்னப் பனித்துகள் படத்தை அழுத்தினால் காட்டும். இரவு கணினியை மூட முதல் ஒருக்கால் பார்ப்பேன். நேற்று மூன்று பேர்.