நூறில் ஒரு சடலம்கூட வேண்டியதில்லை

1990களின் பிற்பகுதியில், ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பிணந்தின்னிக் கழுகுகளான வெண்முதுகுப் பாறுகள் கூட்டிலும் கிளையிலுமாகச் செத்துக் கிடந்தன. அங்கே பல ஆண்டுகளாக அவற்றைக் கவனித்துவந்த பறவையியலாளர் விபு பிரகாஷ் அந்தச் சரிவைப் பதிவு செய்தார். 2007 கணக்கெடுப்பின்போது இந்தியாவில், 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

ஏதோ வைரஸ் என்றே பலரும் சந்தேகித்தார்கள். பரந்த நிலப்பரப்பில் ஒரே சமயத்தில் சாவு விழுந்தால் வேறென்ன தோன்றும்? பாகிஸ்தானின் பஞ்சாபில் கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸின் குழு இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. இதயம், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படலம். அது யூரிக் அமிலப் படிகம். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். சிறுநீரகம் செயலிழந்தால் அது ரத்தத்தில் ஏறி உறுப்புகளின்மேல் படிந்துவிடும்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? வைரஸ், பாக்டீரியா, பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று ஒவ்வொன்றாகத் தேடியும் எதுவும் சிக்கவில்லை. பிறகுதான் பாறுகள் சடலமாகத் தின்னும் மாடுகளுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். காட்டுயிர் சாவென்றால் வேட்டையையும் நோயையும் தேடிப் பழகியவர்கள் மருந்துக்கடை வாசலுக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்ததில் வியப்பில்லை. வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக்தான் விடை. யூரிக் அமிலம் படிந்திருந்த 25 பறவைகளிலும் அந்த மருந்து இருந்தது. படியாத 13இல் ஒன்றில்கூட இல்லை. ஆய்வு 2004இல் வெளியானது.

எல்லா மாட்டுக்குமா ஊசி போடுகிறார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. எல்லா மாட்டுக்கும் போட வேண்டியதே இல்லை என்பதுதான் இதில் திகிலான பகுதி. ஒரு பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை வயிறு நிறையத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 120 வேளை. இருநூறு சடலங்களில் ஒன்றில் மட்டுமே கொல்லும் அளவுக்கு மருந்து இருக்கட்டும். ஒரு வேளை தின்றுவிட்டுப் பிழைக்கும் வாய்ப்பு 99.5 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 120 வேளையும் தப்பிக்கும் வாய்ப்பு 55 சதவீதம்தான். நூறு பாறுகளில் 45 அந்த ஆண்டிலேயே போய்விடும். இதே வேகத்தில் பத்தாண்டு ஓடினால், பிறப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஆயிரத்தில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். பிறப்பைச் சேர்த்தாலும் பெரிதாக ஈடாகாது: ஆண்டுக்கு ஒரே முட்டை, அந்தக் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வரவே ஐந்தாண்டு ஆகிவிடும்.

இது நான் போட்ட தோராயக் கணக்கு. ஆய்வாளர்கள் விரிவாகச் செய்தபோது, 0.13 முதல் 0.75 சதவீதச் சடலங்களில் நஞ்சிருந்தாலே அந்தச் சரிவுக்குப் போதும் என்று தெரிந்தது. பின்னர் இந்தியாவில் மாட்டுச் சடலங்களின் மாதிரிகளைச் சோதித்தபோது சுமார் 10 சதவீதத்தில் டைக்ளோஃபெனாக் தென்பட்டது. அத்தனையிலும் கொல்லும் அளவு இல்லைதான். ஆனாலும் சரிவுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கண்டத்து வான்கோழிப் பாறு இந்தப் பாறுகளைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கையும் தாங்கிக்கொள்கிறது. ஒரு பறவைக்குப் பாதுகாப்பானது இன்னொன்றுக்கும் அப்படியே என்று சொல்ல முடியாது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். ஒரு மாட்டுக்கு ஊசி போட இப்படிப் பல சின்னக் குப்பிகளை உடைப்பது யாருக்கும் கட்டுபடியாகாது. ஒரு நோயாளிக்கும் தொந்தரவில்லாத இந்தச் சின்ன மாற்றம், வெறும் தடை உத்தரவைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பேன்.

அதற்குள் அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலிநிவாரணி சந்தையில் வேரூன்றியிருந்தது. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதையும் கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணியையும் கால்நடைகளுக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதனையில் தேறிய வலிநிவாரணிகள் மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும். இவற்றில் மெலாக்சிகாம் 2006இலேயே தேறிவிட்டது.